நிறுத்தத் தெரிந்த கை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குத் தொழிற்சாலையின் ஓசைதான் கடிகாரம். விடியற்காலையில் அந்த ஓசை கேட்டால் அடுப்பு பற்றவைக்கப்படும்; இரவில் அது மெல்ல அடங்கினால் பிள்ளைகள் புத்தகத்தை மூடுவார்கள். அந்த ஓசை நடு இரவில் திடீரென்று நின்றுபோன நாளைத் தோட்டத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. அதை நிறுத்தியவர் அவளுடைய அப்பா.

அவள் அப்போது படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். இயந்திரங்களைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மீண்டும் பூட்டி ஓடவைப்பது அவர் வேலை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதைத் திருகாணி முடுக்குவதைவிடக் கேட்பதற்குத்தான் அவர் அதிகம் பயன்படுத்துவார். திருப்புளியின் முனையைப் பேரிங்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். உள்ளே சுழலும் குண்டுகளின் ஓசை இரும்பின் வழியாக அவர் காதுக்கு வரும். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போன்றதுதான் அது.

தேயிலை வேலை காத்திருக்காத வேலை. காலையில் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையில் பரப்பிப் பல மணி நேரம் காற்றில் வாட்டுவார்கள். வாடிய கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் இடுவார்கள். தொழிலாளர்கள் அதை 'ரோலர்' என்பார்கள். பெரிய மேசை போன்ற ஒரு தட்டு. அதன் மேல் அடியில்லாத உருளைப் பெட்டி. அந்தப் பெட்டியை வட்டமாகச் சுற்றவைக்கும் கனமான இரும்புத் தண்டுகள். பெட்டி சுற்றச் சுற்ற இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கசங்கிச் சாறு வெளிவரும். அந்தச் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறும்போதுதான் தேநீரின் மணமும் சுவையும் பிறக்கின்றன. பிறகு உலர்த்துவார்கள், சலித்துத் தரம் பிரிப்பார்கள். இந்த வரிசையில் ரோலர் நின்றால் வாட்டிவைத்த கொழுந்து வீணாகும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மழைக்குப் பிறகு கொழுந்து நன்றாகத் துளிர்த்த நேரம். தொழிற்சாலையில் இரவு வேலையும் நடந்தது. மிகைநேர ஊதியத்தை நம்பிப் பல குடும்பங்கள் துணிக்கும் பலகாரத்துக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தன. அந்த நேரத்தில்தான் ஓர் இரவு அப்பா ரோலரின் அருகே நின்று வெகுநேரம் கேட்டார். பிறகு விசையை அணைத்தார்.

"தண்டில் வெடிப்பு இருக்கிறது. மாற்றாமல் ஓட்டக்கூடாது," என்றார்.

வெடிப்பு என்று அவர் காட்டியது தலைமுடி அளவுகூட இல்லை. கீழே குனிந்து பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது கண்ணில் படவே இல்லை. புதிய தண்டை ஈப்போவில் கடைந்து, மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்து பூட்ட இரண்டு இரவும் ஒரு பகலும் ஆயின. வாட்டிவைத்த கொழுந்தில் ஒரு பகுதி குப்பைக்குப் போனது. இரண்டு இரவுகளின் மிகைநேர ஊதியம் யாருக்கும் கிடைக்கவில்லை.

மறுவாரம் பள்ளிப் பேருந்தில் அவளுடைய தோழி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "உங்கள் அப்பா நினைத்திருந்தால் தீபாவளி வரைக்கும் ஓட்டியிருக்கலாம். எனக்குத் துணி எடுக்க அம்மா ஒதுக்கி வைத்திருந்தது அந்தக் காசுதான்."

தோழியின் அம்மா ரோலருக்கு இலை கொட்டும் வேலை செய்பவர். சிறு வயதிலிருந்து அவள் 'அத்தை' என்று அழைத்துப் பழகியவர். அந்தத் தீபாவளிக்கு அத்தை வீட்டிலிருந்து வழக்கமாக வரும் முறுக்குத் தட்டு வரவில்லை.

அன்றிரவு அவள் அப்பாவிடம் கேட்டேவிட்டாள். "அது இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்காதா, அப்பா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஓடியிருக்கலாம். ஓடாமலும் போயிருக்கலாம்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. விபத்து நடந்து, அதில் அப்பா யாரையாவது காப்பாற்றியிருந்தால் தோட்டமே அவரைப் புகழ்ந்திருக்கும். நடக்காத விபத்துக்கு யார் சாட்சி சொல்வார்கள்? அப்பா வீணாகப் பயந்துவிட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள். அதைச் சொல்லவில்லை. ஆனால், சில நாள்கள் அவருடன் சரியாகப் பேசவும் இல்லை.

பள்ளி விடுமுறை வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன், அப்பாவையும் தங்கையையும் அங்கே அழைத்தான். அம்மா வீட்டில் பாட்டியுடன் இருந்துகொண்டார். செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு மூன்று நுழைவுச்சீட்டுகளை அண்ணன் வாங்கி வைத்திருந்தான். "கால் தொங்கும் ரோலர் கோஸ்டர் இருக்கிறது. தைரியம் இருந்தால் வா," என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினான்.

"தாப்பாச் சாலையில் வாந்தி எடுக்காமல் இறங்குகிறவளுக்கு ரோலர் கோஸ்டர் எம்மாத்திரம்!" என்று அவள் பதில் அனுப்பினாள். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச்சாலையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்.

பேருந்து மலையிறங்கும்போது அவள் வரலாற்றுப் பாடத்துக்காகத் தேடிப் படித்த ஒரு செய்தியை அப்பாவிடம் சொன்னாள். கேமரன் மலைக்கு அந்தப் பெயர், 1885ஆம் ஆண்டு இந்தப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்பவரால் வந்தது. 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் என்பவர் இங்கே போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காடாக இருந்த சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக மாற்றிய உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இவை அப்பாவுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றும் இருந்தது. 1964ஆம் ஆண்டு, நீர்மின் திட்டப் பணிக்காகக் கேமரன் மலைக்கு வந்திருந்த குத்தகையாளர் லிம் கோ தோங், இங்கே வீசிய குளிர்ந்த காற்றை அனுபவித்தபோதுதான் கோலாலம்பூருக்கு அருகிலும் ஒரு மலை உல்லாசத்தலம் வேண்டும் என்று எண்ணினார். அந்த எண்ணமே கெந்திங் மலையாக வளர்ந்தது. அங்கே 2022இல் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது.

"அப்படியானால் அந்தப் பூங்காவுக்கு விதை நம் மலையில் விழுந்தது என்று சொல்," என்றார் அப்பா. பல நாள்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஜொகூர் பாருவில் காத்திருந்த அண்ணன் முதலில் அப்பாவின் சட்டைப் பையைத்தான் பார்த்தான். "அப்பா, அந்தத் திருப்புளியைப் பெட்டிக்குள் வையுங்கள். சோதனைச் சாவடியில் கேள்வி கேட்பார்கள்," என்றான். அப்பா அதை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தவர்போல அன்று முழுவதும் அவர் கை அடிக்கடி வெற்றுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் காலை பூங்காவுக்குள் நுழைந்ததும் அந்த இரட்டைப் பாதைகள் கண்ணில் பட்டன. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து அமைக்கப்பட்டவை அவை. ஹியூமன் என்ற பாதையில் பயணிகள் தண்டவாளத்தின் மேல் அமர்ந்து செல்வார்கள். சைலான் என்ற பாதையில் பயணிகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு செல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்று மோத வருவதுபோல் பாய்ந்து விலகும். உயரம் 42.5 மீட்டர்; ஏறத்தாழப் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். நெதர்லாந்து நாட்டின் வெகோமா நிறுவனம் இதை உருவாக்கியது.

சைலானைப் போன்றவற்றைத் தலைகீழ் ரோலர் கோஸ்டர் என்பார்கள். இந்த வகையில் உலகின் முதல் வண்டி 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கர்னி என்ற ஊரிலுள்ள பூங்காவில் ஓடத் தொடங்கியது. அதன் பெயர் பேட்மேன். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர்களான வால்ட்டர் போலிகரும் குளோட் மபில்லார்டும் நடத்திய நிறுவனம் அதை வடிவமைத்தது. அதற்கு முன்பும் தொங்கும் வண்டிகள் இருந்தன. ஆனால், அவை ஊஞ்சல்போல் பக்கவாட்டில் ஆடுபவை. முழு வட்டம் அடிக்க முடியாதவை. தலைகீழ் ரோலர் கோஸ்டரில் இருக்கை ஆடாது. சக்கரங்களோடு உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கும். அதனால்தான் அது பயணிகளைத் தலைகீழாகச் சுழற்ற முடிகிறது. காலுக்குக் கீழே தளம் இல்லை. கண்ணுக்கு முன்னே தண்டவாளமும் இல்லை. எதன் மேல் போகிறோம் என்பது தெரியாமல் போவதுதான் அதன் பரபரப்பு.

வரிசையில் நின்றபோது அவளுக்கு வாய் உலர்ந்தது. அப்பாவோ அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது வண்டியின் வேகத்தை அல்ல. அது தண்டவாளத்தைப் பிடித்திருந்த விதத்தை.

"மூன்று பக்கமும் சக்கரம் வைத்திருக்கிறான்," என்றார் வியப்போடு.

உண்மைதான். இத்தகைய வண்டிகளில் ஒரு சக்கரம் எடையைத் தாங்கித் தண்டவாளத்தின் மேல் உருளும். இன்னொன்று பக்கவாட்டில் அணைத்திருக்கும். மூன்றாவது, தண்டவாளத்தின் மறுபுறத்தில் நின்று வண்டி எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு குழாயைக் கையால் சுற்றிப் பிடிப்பதுபோல மூன்றும் சேர்ந்து இரும்பைக் கவ்விக்கொள்கின்றன. பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் உச்சியைத் தாண்டிய பிறகு வண்டியை ஓட்ட இயந்திரம் தேவையில்லை. உயரத்தில் சேர்ந்த நிலையாற்றல் இறக்கத்தில் இயக்க ஆற்றலாக மாறி, வண்டியை இறுதிவரை கொண்டுசெல்கிறது. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டியை உள்ளே விடாமல் கணினி தடுக்கிறது. ரயில் பாதையிலும் இதே முறைதான். காற்றழுத்தம் குறைந்தால் தானாகவே மூடிக்கொள்ளும் வகையில் பல இடங்களில் நிறுத்துப்பொறிகள் அமைந்திருக்கும்.

அவர்களுக்கு முன்னால் இருபது பேர் இருந்திருப்பார்கள். அப்போது வானம் இருண்டது. தொலைவில் ஒரு மின்னல் வெட்டியது. உடனே அறிவிப்பு வந்தது. மின்னல் அபாயம் நீங்கும்வரை திறந்தவெளிச் சவாரிகள் நிறுத்தப்படுகின்றன.

மழை இன்னும் விழவேயில்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "ஒரு தடவை ஓட்டியிருக்கலாமே," என்றார் ஒருவர். "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கிறோம்," என்றார் இன்னொருவர். ஓர் ஆடவர் வாயிலில் நின்ற பணியாளரிடம் குரலை உயர்த்தினார். இருபது வயதைத் தாண்டாத அந்தப் பணியாளர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, "மன்னியுங்கள், இப்போது முடியாது," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்ன இவர்கள்! மழையே இல்லை, அதற்குள் நிறுத்திவிட்டார்கள்," என்றாள் அவளும்.

சொன்ன மறுநொடியே அந்த வார்த்தை தன் காதிலேயே வேறு குரலில் ஒலிப்பதை உணர்ந்தாள். பள்ளிப் பேருந்தில், சன்னல் பக்கம் திரும்பியிருந்த தோழியின் குரல் அது. அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வரிசையைப் பார்க்கவில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த இளைஞரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. ஒதுங்கி நின்றபோது அண்ணன் கைப்பேசியில் தேடிப் படித்துச் சொன்னான். "இந்தச் சவாரியை 2013 சூலை மாதம் சோதிப்பதற்காக மூடினார்களாம். திரும்பத் திறந்தது 2015 மே மாதம். ஒரு வரிசைக்கு நான்கு இருக்கைகள் இருந்ததை இரண்டாக மாற்றியிருக்கிறார்கள்."

"ஏறத்தாழ இரண்டு வருடமா?" என்று அப்பா கேட்டார். "பூங்காவிலேயே பெரிய சவாரியை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்களா?"

"ஆமாம் அப்பா."

அப்பா சற்று நேரம் மழையைப் பார்த்தார். "நான் நிறுத்தியது இரண்டு இரவு," என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணனும் பேசவில்லை. தொலைபேசியில் அம்மா நடந்ததைச் சொன்னபோது, "அப்பாவுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டவன் அவன்.

மழை விட்டது. வானம் தெளிந்தது. உடனே ஏறலாம் என்று எல்லோரும் முண்டியடித்தார்கள். ஆனால், முதலில் புறப்பட்ட வண்டியில் ஆள் இல்லை. வெற்று இருக்கைகளோடு அது உச்சிக்கு ஏறி, கவிழ்ந்து, சுழன்று, திரும்பி வந்தது. மறுபடியும் வெற்று வண்டியே போனது. "காலி வண்டியை ஓட்டி யாருக்கு என்ன பயன்?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்பாவின் முகத்தில் மட்டும் நிறைவு தெரிந்தது. "சோதித்துப் பார்க்கிறார்கள்," என்றார். "பழுது பார்த்த ரோலரை நானும் முதலில் இலை போடாமல்தான் ஓட்டுவேன்."

ஒரு ரோலர் கோஸ்டரின் நாள், பார்வையாளர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. பராமரிப்புப் பணியாளர்கள் பாதையையும் சக்கரங்களையும் பூட்டுகளையும் சோதிப்பார்கள். பிறகு வெற்று வண்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். புதிதாகக் கட்டியவற்றில் மனித எடைக்கு ஈடாக நீர் நிரப்பிய பொம்மைகளை அமர்த்தி ஓட்டுவதும் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரும்பின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலைகளாலும் சாயங்களாலும் தேடுவார்கள். பயணிகள் இவர்களைக் காண்பதில்லை. கூச்சலிட்டு, சிரித்து, இறங்கிப் போய்விடுகிறார்கள். அப்படி யாரும் நினைக்காமல் போவதே இவர்கள் வேலை நன்றாக நடந்தது என்பதற்கு அடையாளம்.

கடைசியில் அவர்கள் முறை வந்தது. அவளும் அப்பாவும் அருகருகே அமர்ந்தார்கள். தோளின் மேல் கனத்த காப்புச்சட்டம் இறங்கியது. பணியாளர் ஒவ்வொரு சட்டத்தையும் கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளுடையதையும் இழுத்துப் பார்த்தார். காலையில் அது அவளுக்கு வெறும் சடங்காகத் தோன்றியிருக்கும். இப்போது அந்தக் கையை அவள் கவனித்தாள்.

தளம் விலகியது. கால்கள் காற்றில் தொங்கின. வண்டி மேலே ஏறியது. உச்சியில் ஒரு கணம் கடலும் கப்பல்களும் தெரிந்தன. பிறகு எதுவும் தெரியவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பூமி எழுந்து வந்தது. வட்டத்தின் உச்சியில் அவள் கால்கள் வானத்தை நோக்கி நீண்டிருந்தன. தலை தரையை நோக்கியிருந்தது. ஆயினும், அவள் இருக்கையிலிருந்து நழுவவில்லை. வேகமும் வளைவும் சேர்ந்து அவளை இருக்கையோடு அழுத்திப் பிடித்திருந்தன. தலைகீழாகத் தொங்கும்போது விழாமல் இருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது; அந்தக் கணக்கைத் தினமும் சரிபார்க்க ஓர் ஆளும் இருக்கிறார். அவள் கத்தினாள். அப்பா கத்தினாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் அண்ணன் ஆவலோடு கேட்டான்: "எப்படி இருந்தது, அப்பா?"

அப்பா கலைந்த தலைமுடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சக்கரச் சத்தம் சீராக இருந்தது."

பிள்ளைகள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கண்ணை மூடிக்கொண்டுகூட அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் மாலை அவள் அப்பாவிடம் கேட்டாள். "அந்தப் பழைய தண்டு எங்கே, அப்பா?"

விறகுக் கொட்டகையின் மூலையில், சாக்கில் சுற்றி அது கிடந்தது. பழைய இரும்போடு எடைக்குப் போவதற்கு முன் மேலாளரிடம் கேட்டு அவர் எடுத்து வந்திருந்தார். ஏன் எடுத்துவந்தார் என்று அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அவள் ஓடிப்போய்த் தோழியையும் அத்தையையும் அழைத்து வந்தாள். "எதற்கு இதெல்லாம்? போனது போகட்டும்," என்று அப்பா கூச்சப்பட்டார். அத்தை வாசலிலேயே நின்றார். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மிட்டாய்ப் பொட்டலம் தோழியின் கையில் பிரிக்கப்படாமல் இருந்தது.

"எனக்குச் செய்து காட்டுங்கள், அப்பா. எனக்குத்தான் தெரியவில்லை," என்றாள் அவள்.

அப்பா தண்டை நன்றாகத் துடைத்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதைத் தேய்த்துச் சிறிது நேரம் விட்டார். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் முழுவதையும் துடைத்தெடுத்தார். பள்ளியில் பயன்படுத்தும் சுண்ணக்கட்டியைப் பொடித்து மேலே பூசினார். இரும்பு வெள்ளையாக, பழுதே இல்லாததுபோல் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றார்.

நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியை நனைத்தது. கறுத்த கோடு ஒன்று தோன்றியது. அது நீண்டது. தண்டைப் பாதிக்கு மேல் சுற்றி வந்து நின்றது.

இந்தச் சோதனையை ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணெயும் சுண்ணப் பொடியும் கொண்டு செய்து வந்தார்கள். ரோலர் கோஸ்டர்களின் இரும்பில் வெடிப்பைத் தேட இன்று பயன்படும் சாயச் சோதனை அதன் வழியில் வந்ததுதான். அப்பாவுக்கு இந்த வரலாறு தெரியாது. தமக்கு முன்பிருந்த ஃபிட்டரிடம் அவர் கற்றுக்கொண்டது இது.

அத்தை முன்னே வந்து அமர்ந்தார். கோட்டின் மேல் விரலை வைக்காமல், அதன் அருகே வைத்துப் பார்த்தார். தண்டை எந்தப் பக்கம் பூட்டியிருந்தார்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"நான் நிற்கிற பக்கம்," என்றார் அத்தை.

கொட்டகையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"அன்றைக்கே இதைக் காட்டியிருக்கலாமே, அண்ணே."

"மேலாளரிடம் காட்டினேன். அவர் ஒப்புக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன்," என்றார் அப்பா. "காசு போனது உங்களுக்கு. உங்களிடமும் காட்டியிருக்க வேண்டும். அது என் தப்புதான்."

போன மிகைநேர ஊதியம் திரும்பி வரவில்லை. தோழிக்கு அந்தத் தீபாவளிக்கு எடுக்காத துணி எடுக்காததுதான். ஆனால், அன்றிரவு அத்தை வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. தீபாவளிக்குச் செய்ததில் மிஞ்சிய முறுக்கு இல்லை. அன்று மாலை பிழிந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தொழிற்சாலையின் ஓசை சரிவில் ஏறி வந்தது. அவள் படுக்கையில் கிடந்தபடியே கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக அது அவளை எழுப்பும் ஓசையாக மட்டும் இருந்தது. இன்று அதற்குள் தனித்தனியாக ஏதேனும் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். ஒன்றும் வேறுபாடாகத் தெரியவில்லை. ரோலர் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா தேநீரைக் குடித்துவிட்டு, திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

"அப்பா, நானும் ஒரு நாள் வந்து கேட்கட்டுமா?" என்றாள்.

"வா," என்றார் அவர். "முதலில் நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் கேட்டுப் பழக வேண்டும். அது தெரிந்தால்தான் மற்றது தெரியும்."